மேசைமேல் ஒரு பாய்க்கப்பல்: கட்டுவதும் கயிறு பூட்டுவதும்

பாய்க்கப்பல் மாதிரி செய்யத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர், உடல் முடிந்ததும் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். நேரத்தைக் குறித்து வைத்துப் பார்த்தால், உடலுக்கு ஆகும் காலத்தைவிடக் கயிறுகளுக்கு ஆகும் காலமே அதிகம். பாதியில் கைவிடப்பட்டுப் பரணுக்குப் போகும் மாதிரிகளும் பெரும்பாலும் கயிற்றில் சிக்கியவையே. அதற்குக் காரணம் கை நடுக்கமோ பொறுமைக் குறைவோ அன்று. எந்தக் கயிறு எதை இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல், வரைபடத்தில் உள்ள கோடுகளை நூலாக மாற்றிக்கொண்டே போவதுதான் காரணம். கப்பலில் வேலையற்ற கயிறு ஒன்றுகூட இல்லை; அந்த வேலையைத் தெரிந்துகொண்டு கட்டுபவருக்கு நூறு கயிறுகளும் பத்துப் பன்னிரண்டு வகைகளாகச் சுருங்கிவிடும்.

நான் இராயபுரத்தில் இருக்கிறேன். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு. அங்கே இன்று நிற்பவை எல்லாம் எஞ்சின் படகுகளே. ஆயினும் மரத்தாலான விசைப்படகு ஒன்றைக் கரையேற்றிப் பழுது பார்க்கும்போது அருகில் நின்று கவனித்தால், பலகை வங்கு எனப்படும் விலாமரத்தின்மேல் எப்படிப் படிகிறது, ஒரு வரிசையின் மூட்டுக்கும் அடுத்த வரிசையின் மூட்டுக்கும் எவ்வளவு தள்ளு விடப்படுகிறது, பஞ்சுத் திரியை இடுக்கில் வைத்து எப்படி அடித்து இறக்குகிறார்கள் என்பவையெல்லாம் புத்தகமின்றியே விளங்கும். மாதிரி வேலையில் இறங்குமுன் ஒருமுறையாவது அதைப் பார்த்துவிடுங்கள். ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் நின்றால் யாரும் விரட்டுவதில்லை.

எந்தக் கப்பல், எந்த அளவு

1869-இல் ஸ்காட்லாந்தில் நீரில் இறக்கப்பட்ட கட்டி சார்க் என்னும் தேயிலைக் கப்பலின் படத்தைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அதன் கயிறுகளை எண்ணத் தொடங்கினால் அந்த மயக்கம் தானாகத் தெளிந்துவிடும். முதல் முயற்சிக்கு ப்ரிக் வகைக் கப்பலையே நான் பரிந்துரைப்பேன். அதில் பாய்மரங்கள் இரண்டு. இரண்டிலும் சதுரப் பாய்கள். முன்மரத்தில் தெரியாமல் செய்த தவறைப் பின்மரத்தில் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அதில் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938-இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் க்ளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணியைக் கட்ட வேண்டும் என்ற ஆசை தமிழர் எவருக்கும் எழும். இந்தியக் கடற்படையின் மூன்று பாய்மரப் பயிற்சிக் கப்பலான தரங்கிணிமேலும் ஆசை எழலாம். அவற்றை இரண்டாவது, மூன்றாவது கப்பலுக்கு ஒத்திவையுங்கள்.

அளவு 1:64 என்று வைத்துக்கொள்வோம். 26 மீட்டர் நீளமுள்ள உடல் இந்த அளவில் ஏறத்தாழ 40 செ.மீ. வரும், முன்னால் நீளும் பௌஸ்ப்ரிட் மரத்தையும் பின்னால் நீட்டியிருக்கும் மரத்தையும் சேர்த்தால் 60 செ.மீ. ஆகும், உயரம் அரை மீட்டரை நெருங்கும். உங்கள் வீட்டின் அலமாரியையும் வாசற்படியின் அகலத்தையும் இப்போதே அளந்துவிடுவது நல்லது. கட்டி முடித்த பிறகு கப்பல் திரும்பாத மாடிப்படிகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, 165 செ.மீ. உயரமுள்ள ஓர் ஆள் இந்த அளவில் 26 மி.மீ. இருப்பார். அட்டையில் அப்படி ஓர் ஆளை வெட்டி மேசையில் நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவர் அவருடைய மார்புக்கு வருகிறதா, ஏணிக்கயிற்றின் அடுத்த படிக்கு அவருடைய கால் எட்டுமா, சுக்கான் சக்கரம் அவருடைய கைக்கு அடங்குமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவரையே கேளுங்கள். எந்த அளவுகோலையும்விட இந்த அட்டை மனிதர் என்னை அதிகம் காப்பாற்றியிருக்கிறார்.

வரைபடம் மூன்று தோற்றங்களைக் கொண்டது: பக்கத் தோற்றம், மேலிருந்து பார்த்த பாதித் தோற்றம், குறுக்குவெட்டுகளின் அடுக்கு. இலண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பழைய பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் மூல வரைபடங்கள் பாதுகாக்கப்படுகின்றன. நகல்களை விலைக்கும் வாங்கலாம். கிட்டாக வாங்கினால் வரைபடமும் வெட்டிய பாகங்களும் ஒன்றாகவே வந்துவிடும். எதுவாயினும் ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்தவுடன், தாளிலுள்ள அளவுக்கோட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எஃகு ஸ்கேலால் சரிபார்க்க வேண்டும். தாளுக்குள் அடக்குவதற்காக இயந்திரம் தானாகச் சுருக்கிய இரண்டு விழுக்காடு, 40 செ.மீ. உடலில் 8 மி.மீ. பிசகாகிவிடும்.

மரம் வாங்குவது

உண்மைக் கப்பல் தேக்கில் கட்டப்பட்டது, எனவே மாதிரியும் தேக்கில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது, ஆனால் தவறானது. தேக்கின் இழை ஓட்டமும் துளைகளும் பெரியவை. 1:64 அளவில் அவை பலகையில் பள்ளம் விழுந்ததுபோல் தோன்றும். எண்ணெய்ப் பசை காரணமாகப் பசையும் சரியாகப் பிடிப்பதில்லை. நமக்கு வேண்டியது இழை நெருங்கிய, நிறம் சீரான மரம். மஞ்சக்கடம்பு கடைசலுக்கும் சிறு பாகங்களுக்கும் மிக ஏற்றது. பொம்மை கடைபவர்கள் விரும்பும் வெப்பாலை, வெண்மையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் கப்பிகள் செய்ய அதைவிட நல்ல மரத்தை நான் கண்டதில்லை. பலாவின் மஞ்சள், நாளடைவில் பழுப்பேறி, மேல்தளத்துக்கு அழகு தரும்.

வால்டாக்ஸ் சாலையின் மரக்கடைகளில் 1.5 மி.மீ. பட்டைகளைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு துண்டு மரத்தை வாங்கி, அறுவை மில்லில் 5 மி.மீ. கனமுள்ள பலகைகளாக அறுத்துக்கொண்டு, வீட்டில் சிறு வட்டரம்பத்தால் பட்டைகளாகக் கீறிக்கொள்ள வேண்டும். வெளித்தோலுக்கு அரை மி.மீ. வெனீர் தாள்கள் பிளைவுட் கடைகளில் கிடைக்கும். சட்டகத்துக்கு 4 மி.மீ. பிளைவுட் வாங்கும்போது, தாளின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் பாருங்கள். முறுக்கு இருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வேண்டாம்.

சட்டகம்

கப்பலின் முதுகெலும்பு ஏரா எனப்படும் அடிமரம். மாதிரியில் ஏராவையும் அதன்மேல் உயரும் நடுத்தகட்டையும் ஒரே பிளைவுட்டில் வெட்டி, அதில் காடிகள் இட்டு, வங்குகளின் இடத்தைப் பிடிக்கும் குறுக்குத் தகடுகளைச் செருகுவது வழக்கம். காடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தொடக்கநிலைத் தவறு. சுத்தியால் தட்டி இறக்க வேண்டியிருந்தால் நடுத்தகடு வளைந்துவிடும். விரலால் அழுத்தினால் இறங்கி, தலைகீழாகப் பிடித்தால் விழாமல் நிற்கும் அளவே போதும்.

என்னுடைய முதல் உடல் நவம்பர் மாதத்தில், அடைமழையில் செய்தது. கடையிலிருந்து வந்த பிளைவுட்டை இரண்டு நாள்கூட வீட்டில் ஆறவிடாமல் வெட்டி, பசையிட்டு, சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டேன். தைப் பொங்கலுக்குள் மரம் உலர்ந்தபோது, அணியம் ஒரு பக்கமும் அமரம் மறுபக்கமுமாக ஏரா முறுக்கிக்கொண்டது. கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் நம் கடலோடிகள் சொல்வார்கள். இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதுதான் கப்பல் என்று அன்று கற்றுக்கொண்டேன். பலகை அடித்துச் சரிசெய்யலாம் என்று முயன்று, அந்த முறுக்கைப் பலகைக்கும் பரப்பியதுதான் மிச்சம். இப்போதெல்லாம் மரம் வந்ததும் மூன்று வாரம் மேசைமேல் படுக்கவைத்து, மேலே கனமான கண்ணாடியை ஏற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறேன். தட்டையான ஒரு பலகையில் இரண்டு நேர்சட்டங்களை ஏராவின் கனம் அளவுக்கு இடைவெளி விட்டு அறைந்து, அந்த இடுக்கில் ஏராவை நிறுத்திய பிறகே குறுக்குத் தகடுகளை ஒட்ட வேண்டும்; ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து ஒட்ட வேண்டும். மரவேலைக்கான வெள்ளைப் பசையே போதும். உடனே பிடிக்கும் பசை இந்த இடத்தில் ஆபத்து. திருத்த அவகாசம் தராது.

குறுக்குத் தகடுகளின் விளிம்புகள் வெட்டியபடியே இருந்தால், பலகை அவற்றின் கூர்முனையில் மட்டும் படும். அணியத்தை நோக்கிச் செல்லச் செல்ல விளிம்பைச் சாய்வாக உரசி எடுக்க வேண்டும். நீண்ட மரக்கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, ஒரே வேளையில் மூன்று தகடுகளைத் தொடும்படி உரசுங்கள். பிறகு ஒரு மெல்லிய பட்டையை அணியத்திலிருந்து அமரம் வரை பிடித்துப் பாருங்கள். எங்கும் வெளிச்சம் தெரியாமல், எங்கும் உடையாத வளைவாக அது படிந்தால் சட்டகம் தயார். இந்தச் சோதனைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனாலும் அது வீணன்று.

பலகை பதிப்பது

பலகை பதிப்பதில் மனக்கணக்கு முக்கால், கைவேலை கால். உடலின் அகன்ற இடத்தில் மேல்தள விளிம்பிலிருந்து ஏரா வரை வளைவின்மேல் ஒரு காகித நாடாவை வைத்து அளக்கிறோம், 90 மி.மீ. என்று வருகிறது. பலகையின் அகலம் 5 மி.மீ. என்றால் 18 வரிசை. இப்போது அணியத்துக்கு அருகிலுள்ள தகட்டை அளந்தால் 54 மி.மீ.தான் இருக்கிறது. அதே 18 வரிசையும் இங்கே அடங்க வேண்டுமாதலால், ஒவ்வொரு பலகையும் இங்கே 3 மி.மீ. அகலமாகக் குறைய வேண்டும். அமரத்தின் கீழ்ப்பகுதியை அளந்தால் 99 மி.மீ. வரலாம், அங்கே 5.5 மி.மீ. தேவைப்படும், பலகையோ 5 மி.மீ.தான். அந்த இடைவெளியை ஆப்பு வடிவத்தில் சீவிய ஒரு துண்டால் நிரப்ப வேண்டும். எல்லாத் தகடுகளிலும் இந்தப் பிரிப்பைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே முதல் பலகையைத் தொட வேண்டும். எந்த இடத்திலும் பலகை தன் அகலத்தில் பாதிக்குக் கீழே குறையக் கூடாது. குறைந்தால் இரண்டு வரிசைகளை ஓரிடத்தில் ஒன்றாக்க வேண்டும். உண்மைக் கப்பலின் தச்சரும் அதைத்தான் செய்தார், ஏனெனில் அவ்வளவு ஒடுங்கிய முனையில் ஆணி நிற்காது.

ஒரு வழக்கமான தவறு ஏராவை ஒட்டிய முதல் பலகையில் நிகழ்கிறது. அதை அணியத்தின் மூக்குவரை மேலே ஏற்றிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு பலகையும் அங்கே நெருக்கப்பட்டு, மூக்கருகே விசிறி மடித்ததுபோல் ஆகிவிடும். முதல் பலகை ஏராவோடு தட்டையாக ஓடி, மூக்கு மேலே வளையத் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

காசிமேட்டில் ஒரு மேஸ்திரியிடம் என் கைப்பேசியிலிருந்த படத்தைக் காட்டினேன். கிளிப்புகளை வரிசையாக மாட்டி, ஒரு பலகையை அதன் விளிம்புப் பக்கமாக இழுத்து வளைத்திருந்தேன். "இன்னா தம்பி, இத்தினி கவ்வி மாட்டி இழுக்கற? அகலத்த சீவி எடு, அதுவா உக்காரும்" என்றார். மேற்சொன்ன கணக்கு முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. பலகை தன் கனத்தின் பக்கம் வளையும், முறுக்கும். அகலத்தின் பக்கம் வளைய மறுக்கும். வளைய மறுத்தால் அதன் வடிவம் தவறு என்று கொள்ளுங்கள்.

கனத்தின் பக்கம் வளைக்க, பலகையைச் சுடுநீரில் கால்மணி நேரம் ஊறவிட்டு, சூடான சால்டரிங் இரும்பின் தண்டின்மேல் மெல்ல உருட்டினால் போதும். ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஈரப்பலகை உலரும்போது அகலத்தில் சுருங்கி, வரிசைக்கு வரிசை கீறலாக வெளிச்சம் காட்டும். வடசென்னைக் காற்றில் உலர்வதற்கு ஓர் இரவு போதாது. மழைக்காலத்தில் இரண்டு நாள் கொடுங்கள். ஒரு பலகை இடப்பக்கம் ஒட்டினால் அடுத்ததை வலப்பக்கம் ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஐந்தாறு வரிசை ஏற்றினால் உடல் அந்தப் பக்கம் இழுபடும். இரும்பு ஆணி நம் கடற்காற்றில் ஓராண்டுக்குள் துருவை மேலே துப்பும்; பித்தளைக் குண்டூசிகளையே பயன்படுத்துங்கள். அவற்றையும் பசை பிடித்ததும் பிடுங்கிவிடலாம்.

மேல்தளத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உண்மைப் பலகையின் நீளம் 7 மீட்டர் என்று கொண்டால் மாதிரியில் 11 செ.மீ.; மேல்தளத்தின் முழு நீளத்துக்கும் ஒரே பலகையை ஓடவிடாதீர்கள். நான்கு வரிசைக்கு ஒருமுறைதான் மூட்டுகள் ஒரே குறுக்குச் சட்டத்தில் வர வேண்டும். காசிமேட்டில் பஞ்சுத் திரி அடைத்த அந்த இடுக்கு, இந்த அளவில் 0.2 மி.மீ. கருங்கோடு, பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் மென்பென்சிலைத் தேய்த்தால் அது கிடைத்துவிடும்.

பாய்மரமும் பருமலும்

கடையில் கிடைக்கும் உருளைக் குச்சி பெரும்பாலும் இழை சாய்ந்தது. ஆறு மாதத்தில் வில்லாகும். நேரிழை கொண்ட சதுரச் சட்டத்திலிருந்து செதுக்குவதே உறுதி. 8 மி.மீ. சதுரத்தின் ஒவ்வொரு முகத்தையும் ஏழுக்குப் பத்துக்கு ஏழு என்ற விகிதத்தில், அதாவது 2.3, 3.4, 2.3 மி.மீ. என்று கோடிட்டு, மூலைகளைக் கோடுவரை சீவினால் எண்கோணம் கிடைக்கும். மேல்நோக்கி ஒடுங்கும் அளவை முதலில் சதுரத்திலேயே கொடுத்துவிட்டு, பிறகு எண்கோணம் ஆக்கி, இறுதியில் உப்புத்தாளை மடித்துப் பிடித்து உருட்டினால் மரம் நேராகவும் வட்டமாகவும் வரும். பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமல் நடுவில் பருத்து இரு முனைக்கும் ஒடுங்குவது. அதையும் இப்படியே செய்யலாம்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. பாய்மரத்தை உடலில் நடுவதற்கு முன்பே, அதில் தொங்க வேண்டிய ஒவ்வொரு கப்பியையும் கட்டிவிட வேண்டும், பருமல்களுக்கும் அப்படியே. மேசையில் படுத்திருக்கும் மரத்தில் ஒரு நிமிடத்தில் முடியும் முடிச்சு, நட்ட பிறகு கயிற்றுக் காட்டுக்குள் இடுக்கியை நுழைத்துச் செய்தால் அரைமணி நேரம் எடுக்கும்; அருகிலுள்ள இரண்டு கயிறுகளையும் அறுக்கும்.

கயிற்றின் கனம்

மாதிரியைக் கெடுப்பதில் தவறான கனத்துக்கே முதலிடம். பழைய கப்பல் கணக்குகளில் கயிற்றின் அளவு என்பது விட்டம் அன்று, சுற்றளவு. இதை அறியாதவர் 10 அங்குலக் கயிறு என்று படித்துவிட்டு மும்மடங்கு பருத்த நூலைக் கட்டுகிறார். பழைய ஆங்கிலேயக் கப்பல் வழக்கில், பெருமரத்தை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் ஸ்டே என்னும் முன்கயிற்றின் சுற்றளவு, அந்த மரத்தின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதி. நம் ப்ரிக்கின் பெருமரம், அதாவது பின்மரம், 20 அங்குல விட்டம் என்றால், முன்கயிறு 10 அங்குலச் சுற்றளவு. அதாவது விட்டம் 81 மி.மீ.; 1:64 அளவில் 1.26 மி.மீ. மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் ஷ்ரௌட் கயிறுகள் அதில் ஆறு பங்கு, அதாவது பத்தில் ஆறு என்று வைத்தால் 0.76 மி.மீ. ஏணிப்படிக் கயிற்றுக்கு 0.2 மி.மீ. போதும். நூலின் கனத்தை அறிய, அதை ஒரு பென்சிலில் இடைவெளியின்றி இருபது சுற்று சுற்றி, மொத்த அகலத்தை அளந்து இருபதால் வகுக்க வேண்டும்.

காசிமேட்டு வலைக்கடைகளின் நைலான் நூல் கண்ணைக் கவரும். ஆனால் மினுமினுக்கும், முடிச்சும் வழுக்கும். பருத்தியோ மினுக்கம் குறைந்த பாலியெஸ்டரோ நல்லது. சிறுவயதில் காத்தாடி விட்டவர்களுக்கு லொட்டாயில் சுற்றும் வெள்ளைப் பருத்தி நூல் நினைவிருக்கும். மாஞ்சா போடாத அந்த நூல்தான் நான் கயிறு திரிப்பதற்கு எடுப்பது. தடை செய்யப்பட்ட மாஞ்சாவுக்கு மாதிரிக் கப்பலிலும் இடமில்லை, விரல் போய்விடும். மூன்று இழைகளைத் தனித்தனியே ஒரே திசையில் முறுக்கேற்றி, மறுமுனைகளை ஒரே கொக்கியில் மாட்டி எதிர்த் திசையில் சுழலவிட்டால், அவை ஒன்றையொன்று தழுவிக்கொண்டு கயிறாகும். கைத்துரப்பணமும் மூன்று கொக்கியும் வீட்டின் நடையும் இருந்தால் போதும். திரிக்கும்போது நீளம் கணிசமாகக் குறையும் என்பதால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சுடரின்மேல் விரைவாக ஒருமுறை ஓட்டிப் பிசிறைப் பொசுக்கி, தேன்மெழுகுக் கட்டியில் இழுத்துவிட வேண்டும்.

அசையாமல் நிற்கும் கயிறுகள் தார் பூசப்பட்டவை; எனவே அவை கருமை. வேலை செய்யும் கயிறுகள் வெளிர்பழுப்பு. முழுக் கருப்பு இந்த அளவில் மையெழுத்துபோல் துருத்தும், கரும்பழுப்பே நல்லது. தேநீர் டிகாக்ஷனில் நூலைத் தோய்ப்பவர்கள் உண்டு. அதன் புளிப்பு நாளடைவில் பருத்தியை நொறுக்கும் என்பதால் துணிச்சாயத்தையே நான் விரும்புகிறேன்.

நிற்கும் கயிறுகள்

ஷ்ரௌட்கள் இணை இணையாக வரும். ஒரே கயிற்றை மடித்து மரத்தின் தலையில் மாட்டினால் இரண்டு கால்கள் தொங்கும். வலப்பக்கம் முன்னால் முதல் இணை, அடுத்து இடப்பக்கம் முதல் இணை, மீண்டும் வலம் என்று மாறி மாறி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு காலின் அடியிலும் டெட்-ஐ எனப்படும் மூன்று துளை மரவட்டு. அதற்கு நேர் கீழே உடலோடு பிணைத்த இன்னொரு வட்டு. இரண்டுக்கும் இடையே மெல்லிய கயிறு ஆறு முறை ஓடி இறுக்குகிறது. மேல்வட்டுகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் கப்பல் பல் விழுந்த சீப்புபோல் தோன்றும். இதற்குப் பித்தளைக் கம்பியை ப வடிவில் வளைத்து, கீழ்வட்டின் துளைகளில் ஒரு முனையையும் மேல்வட்டின் துளைகளில் மறுமுனையையும் செருகி, இடைவெளியைப் பூட்டிக்கொண்டு ஷ்ரௌட்டைக் கட்டுங்கள். அந்தக் கம்பி இன்றி ஒருமுறை முயன்றேன். பன்னிரண்டையும் அறுத்து மறுபடி கட்டினேன். கம்பி வேலைகளுக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையின் கழிவுச் செம்புக் கம்பியும் உதவும்.

இனி ஏணிப்படிகள். உண்மையில் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் 13 முதல் 15 அங்குலம். நமக்கு ஐந்தரை மி.மீ. அந்த இடைவெளியில் கோடிட்ட வெள்ளை அட்டையை ஷ்ரௌட்களின் பின்னால் செருகிக்கொள்ளுங்கள். நூலை ஊசியில் கோத்து, முதல் ஷ்ரௌட்டை முன்னாலிருந்து பின்னாகச் சுற்றி வெளியே எடுத்து, தன் மேலேயே குறுக்காகக் கடந்து, இன்னொரு முறை பின்னால் சுற்றி, அந்தக் குறுக்கின் அடியில் நுழைத்து இழுத்தால் க்ளோவ் ஹிட்ச் விழும். கோட்டின்மேல் அது உட்காரும்வரை நகத்தால் தள்ளி, பிறகு இறுக்குங்கள். அடுத்த ஷ்ரௌட்டுக்குப் போகும்போது இடையிலுள்ள நூலை இழுக்காதீர்கள், அது மிகச் சற்றே தொய்ந்திருக்கட்டும். ஒவ்வொரு முடிச்சிலும் அரை மி.மீ. இழுத்தால் பத்தாவது வரிசையில் வெளி ஷ்ரௌட்கள் இரண்டும் உள்ளே ஒட்டி, ஏணி உடுக்கையின் இடைபோல் ஆகிவிடும். ஒரு பக்கத்துக்கு ஆறு ஷ்ரௌட், இருபத்தைந்து வரிசை என்றால் 150 முடிச்சு. இரண்டு மரம், இரண்டு பக்கம் சேர்த்து 600. நாளுக்கு ஐந்து வரிசைக்கு மேல் போட்டால் ஆறாவது வரிசை கோணும் என்பது என் அனுபவம். முடிச்சுகளுக்கு நீர் கலந்த வெள்ளைப் பசையை ஊசிமுனையால் தொட்டு வையுங்கள். உடனடிப் பசை நூலைக் கம்பியாக்கி வெண்பூத்துவிடும்.

ஓடும் கயிறுகள்

ஒரு பருமலை எடுத்துக்கொண்டு, அதை ஓர் ஆள் எப்படி ஆள்வார் என்று எண்ணிப் பாருங்கள். அதை மேலே தூக்க ஒரு கயிறு வேண்டும். நம் பழைய கப்பல்களில் அதற்கு ஆஞ்சான் என்று பெயர். இரு முனைகளும் சாயாமல் நிற்க மேலிருந்து லிஃப்ட் என்னும் இரண்டு கயிறுகள். காற்றுக்கேற்ப இடமும் வலமும் திருப்ப, முனைக்கு ஒன்றாகப் பிரேஸ் என்னும் இரண்டு. பாயின் கீழ்மூலைகளை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். அதே மூலைகளைச் சுருட்டித் தூக்க க்ளூலைன். இந்த ஐந்து வேலைகள்தாம் ஒவ்வொரு பருமலிலும், கனம் குறைந்துகொண்டே, திரும்பத் திரும்ப வருகின்றன. ப்ரிக்கில் பெருமரத்துப் பிரேஸ்கள் முன்னோக்கிச் சென்று முன்மரத்தின் வழியாக இறங்கும். முன்மரத்துப் பிரேஸ்கள் பின்னோக்கி வரும். ஆகவே ஒரு மரத்தை முழுவதும் முடித்துவிட்டு மற்றதற்குப் போவது இயலாது. இரண்டையும் சேர்த்தே வளர்க்க வேண்டும்.

எங்கே எது கட்டப்படுகிறது என்று ஒரு தாளில் எண்ணிட்டு எழுதிக்கொண்டு, கப்பலின் நடுக்கோட்டிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக வாருங்கள். ஓரக் கட்டைகளில் முதலில் கட்டிவிட்டால் நடுவுக்குக் கை போகாது. எந்தக் கயிறும் இன்னொன்றை உரசி வளைந்து நிற்கக் கூடாது. உண்மைக் கப்பலில் அது ஒரு வாரத்தில் அறுந்துவிடும், ஆதலால் அப்படித் தெரிந்தால் பாதை தவறு. முதல் சுற்றில் கயிற்றை நிரந்தரமாக ஒட்டாமல், முனையில் ஒரு துணிக்கிளிப்பைத் தொங்கவிட்டு இரண்டு நாள் பாருங்கள். தரையில் சுருண்டு கிடக்கும் மிச்சக் கயிற்றைத் தனியாக இரண்டு ஊசிகளின்மேல் சுற்றி, பசை தோய்த்து உலர்த்திப் பின்னால் மாட்டினால் போதும்.

பாய் வைப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். வைப்பதானால் மெல்லிய மல்துணி வேண்டும். அக்காலக் கித்தான் 24 அங்குல அகலத்தில் நெய்யப்பட்டதால், 9.5 மி.மீ.க்கு ஒரு பென்சில் கோடு இட்டால் தையல் தெரியும். பாய் இல்லாமல் விடுவதாக இருந்தால் ஒரு திருத்தம் அவசியம். பாய் விரிக்காதபோது மேல் பருமல்களின் ஆஞ்சானைத் தளர்த்தி, அவற்றைக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். மிக அடியிலுள்ள பெரிய பருமல் மட்டுமே தன் இடத்தில் நிற்கும். விற்பனைக்கு வைத்திருக்கும் மாதிரிகளில்கூட வெற்றுப் பருமல்கள் உச்சியில் தொங்குவதைக் காணலாம். ஆஞ்சான் எதற்கு என்று யோசித்தவர் அப்படிச் செய்யமாட்டார்.

பெட்டி

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் கண்ணாடிப் பெட்டி இல்லாமல் மாதிரியை வைக்கலாகாது. உப்புக்காற்றில் பித்தளை பச்சைபூக்கும். தூசியோ ஏணிப்படிகளில் படிந்து, துடைக்கப் போனால் நூலோடு வரும். ஆனால் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவதும் தவறே. பிளைவுட்டும் பசையும் மெல்ல வெளிவிடும் அமில ஆவி உள்ளேயே தங்கி, ஈயத்தால் வார்த்த பீரங்கிகளையும் நங்கூரத்தையும் வெண்பொடியாக்கிவிடும். அடித்தட்டில் வலையிட்ட நான்கு சிறு துளைகள் போதும். பெட்டியின் கால்களைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் வரும்.

பருத்திக் கயிறு ஈரத்தில் நீளம் குறைந்து இறுகும், உலர்ந்தால் தளரும். மார்கழியில் வீணைத் தந்திபோல் இருக்கும் கயிறு சித்திரையில் தொய்ந்திருப்பதைப் பார்த்து, உடனே இழுத்து ஒட்டிவிடாதீர்கள். அடுத்த ஐப்பசி மழையில் அது மேல்மரத்தின் மெல்லிய நுனியைத்தான் வளைக்கும். எந்தக் கயிறு அப்படி இழுக்கிறது என்று அறிய, முன்மரத்தின் உச்சியிலிருந்து பௌஸ்ப்ரிட் முனைக்கு இறங்கும் முன்கயிற்றை முதலில் பாருங்கள்.